ஓபராவும் சமகால இசையும் பாடும் தொழில்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மேற்கத்திய செவ்வியல் பாட்டை முழுநேரத் தொழிலாக எடுத்துக்கொள்ள நினைப்பவர்களும் அவர்களைப் பற்றிக் கவலைப்படும் குடும்பத்தாரும் கேட்கும் கேள்விகள் இவை. சிலவற்றுக்கு ஒரு வரி போதும். சிலவற்றை விரிவாகச் சொல்லாவிட்டால் தப்பாகப் புரிந்துகொள்ளப்படும்.

ஓபராப் பாடகர் வேறு, சமகால இசைப் பாடகர் வேறா?

பயிற்சியில் வேறில்லை, பிழைப்பில்தான் வேறு. பாடியே நடிக்கும் நாடகமான ஓபரா 1600ஐ ஒட்டி இத்தாலியின் ஃபிளாரன்ஸ் நகரில் உருவானது. மொந்தெவெர்தியின் 'ஓர்ஃபெயோ' 1607இல் மாந்துவாவில் அரங்கேறியது. 1637இல் வெனிஸில் காசு கொடுத்தால் யாரும் போய் உட்காரக்கூடிய முதல் பொது ஓபரா அரங்கு திறந்தது. இன்றைக்கும் பெரிய அரங்குகளின் பருவப் பட்டியலைப் பார்த்தால் மோட்சார்ட், வெர்தி, புச்சினி, வாக்னர் என்று அதே பெயர்கள்தான் திரும்பத் திரும்ப வரும். இந்தப் பாத்திரங்களில் ஒன்றை ஒருமுறை கற்றுவிட்டால் இருபது வருடம் அதை வைத்துப் பிழைக்கலாம்.

சமகால இசை அப்படியல்ல. இன்று எழுதிக்கொண்டிருப்பவர்களின் படைப்புகளோடு, ஷோன்பெர்க் 1912இல் எழுதிய 'பியரோ லுனேர்' தொடங்கி இருபதாம் நூற்றாண்டின் கடினமான படைப்புகளையும் சேர்த்துத்தான் தொழிலில் இந்தப் பெயரைச் சொல்கிறார்கள். இங்கே ஆறு மாதம் உழைத்துக் கற்ற பாத்திரத்தை ஐந்து முறை பாடிவிட்டு, அப்புறம் வாழ்நாளில் தொடாமலே போகலாம். கீழே வரும் பதில்கள் பலவும் இந்த ஒரு வேறுபாட்டிலிருந்து கிளைப்பவைதான்.

மைக் இல்லாமல் அத்தனை பெரிய அரங்கில் எப்படிக் கேட்கிறது?

நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் ஓபராவில் (சுருக்கமாக 'மெட்') சுமார் 3,800 பேர் உட்காரலாம். பாடகருக்கும் அவர்களுக்கும் நடுவே ஒரு முழு ஆர்கெஸ்ட்ரா இருக்கிறது. வெறும் சத்தத்தால் அதை வெல்ல முடியாது.

ஆர்கெஸ்ட்ராவின் ஒலியாற்றல் ஏறத்தாழ 500 ஹெர்ட்ஸ் அருகே உச்சத்தில் இருந்து, அதற்கு மேலே போகப்போகக் குறைகிறது. பயிற்சி பெற்ற ஆண் குரல்கள் 3,000 ஹெர்ட்ஸ் அருகே ஆற்றலைக் குவிக்கக் கற்றுக்கொள்கின்றன. ஸ்வீடன் நாட்டு ஒலியியலாளர் யொஹான் சுண்ட்பெர்க் இதை விரிவாக ஆராய்ந்தார். 'பாடகர் ஃபார்மன்ட்' என்று பெயர். ஆர்கெஸ்ட்ரா தளர்ந்திருக்கும் அந்தப் பகுதியில்தான் மனிதக் காது மிகக் கூர்மையாக இருக்கிறது. அந்த இடைவெளி வழியாகக் குரல் புகுந்து வருகிறது.

பெண்களின் உயர்ந்த குரலான சொப்ரானோக்களுக்கு வழி வேறு. மேல் ஸ்தாயிக்குப் போகும்போது தாடையை இறக்கி, வாயை அகலத் திறந்து, தொண்டைக் குழாயின் ஒத்ததிர்வைப் பாடும் சுருதிக்கே பொருத்துகிறார்கள். அதற்குக் கொடுக்கும் விலை, உயிரெழுத்துகள் எல்லாம் ஒன்றுபோல் ஒலிப்பது. உச்ச ஸ்தாயியில் சொல் புரியவில்லை என்று பாடகியைக் குறை சொல்வதில் அர்த்தமில்லை. 1983இல் டொராண்டோவின் கனேடிய ஓபரா கம்பெனி மேடைக்கு மேலே மொழிபெயர்ப்பு வரிகளைக் காட்டத் தொடங்கியபோது ரசிகர்கள் பலருக்கு நிம்மதி.

சமகாலப் படைப்புகள் பலவற்றில் மைக் உண்டு. ஆனால் அது மெல்லிய முணுமுணுப்பையும் மூச்சொலியையும் கேட்கவைப்பதற்காக. பலவீனமான குரலைத் தாங்கிப் பிடிப்பதற்காக அல்ல.

எந்த வயதில் தொடங்க வேண்டும்?

வயலினோ பியானோவோ என்றால் ஐந்து ஆறு வயதிலேயே தொடங்கிவிட வேண்டும். குரலுக்கு அந்த அவசரம் கிடையாது. உடல் வளர்ந்து குரல் நிலைபெற்ற பிறகுதான் ஓபராப் பயிற்சியே சாத்தியம் என்பதால், பதினேழு பதினெட்டில் தீவிரமாகத் தொடங்கியவர்கள் ஏராளம். அதற்கு முன்னால் பியானோ கொஞ்சம் வாசிக்கவும், இசைக்குறிப்பைப் பார்த்தவுடன் பாடவும், கூட்டுப்பாடகர் குழுவில் நின்று தாளம் பிசகாமல் இருக்கவும் பழகியிருந்தால் அதுவே பெரிய முதல். பதினைந்து வயதுப் பிள்ளையை புச்சினி பாடவைத்து வீடியோ எடுத்துப் போடும் பெற்றோரைப் பார்த்தால் எனக்கு வயிற்றைக் கலக்கும்.

பெரிய குரல்கள் மெதுவாகத்தான் முதிரும். வாக்னரின் கனமான பாத்திரங்களை முப்பதுகளின் நடுவில்தான் பலர் தொடுகிறார்கள்.

படிப்பு எத்தனை வருடம்?

இசைக் கல்லூரியில் இளநிலை நான்கு வருடம், முதுநிலை இரண்டு வருடம் என்பது வழக்கமான கணக்கு. அதன்பின் ஒன்றிரண்டு வருடம் ஓபரா ஸ்டூடியோ அல்லது இளம் கலைஞர் திட்டம். லண்டன் ராயல் ஓபராவில் ஜெட் பார்க்கர் திட்டம், மெட்டில் லிண்டமன் திட்டம், சான் ஃபிரான்சிஸ்கோவில் மெரோலா போன்றவை பெயர் பெற்றவை. சமகால இசைக்கென்றால் கோடைகாலப் பயிற்சிகள்தான் உண்மையான பள்ளிக்கூடம். ஜெர்மனியின் டார்ம்ஷ்டாட்டில் 1946 முதல் நடக்கும் கோடை வகுப்புகளிலும், லூசெர்ன் விழாவின் அகாடமியிலும் இளம் இசையமைப்பாளர்களும் பாடகர்களும் ஒரே கூரையின் கீழ் இருப்பார்கள். பின்னாளில் உங்களை நினைவில் வைத்துக்கொண்டு கூப்பிடப்போவது அங்கே காபி குடித்த அந்த இளம் இசையமைப்பாளர்தான்.

சொப்ரானோ, மெஸ்ஸோ, டெனர் என்ற வகைகளை யார் முடிவு செய்கிறார்கள்?

குரல்தான். ஆனால் அது வாய்விட்டுச் சொல்லாது, வருடக்கணக்கில் காட்டிக்கொடுக்கும். குரல் எந்த ஸ்தாயியில் சிரமமில்லாமல் உலவுகிறது, எங்கே நிறம் மாறுகிறது, எவ்வளவு கனம் தாங்குகிறது என்பதையெல்லாம் பார்த்து வகுக்கிறார்கள். ஜெர்மன் அரங்குகள் இதை 'ஃபாக்' என்ற நுணுக்கமான வகைப்பாடாகவே வைத்திருக்கின்றன. ஆண்களின் நடுக்குரலான பாரிட்டோனாகத் தொடங்கி உயர்குரலான டெனரானவர்களும், பெண்களின் நடுக்குரலான மெஸ்ஸோவாகத் தொடங்கி சொப்ரானோவானவர்களும் உண்டு. புதிய இசையில் வகைகளுக்கு மதிப்பு குறைவு. அங்கே எழுதுகிறவர் 'சொப்ரானோ'வுக்கு எழுதுவதைவிட, தன் எதிரே நிற்கும் ஒரு குறிப்பிட்ட மனிதருக்கு எழுதுவதே அதிகம்.

எந்த ஸ்வரத்தையும் கேட்டவுடன் சொல்லும் காது பிறவியிலேயே வேண்டுமா?

வேண்டாம். இருந்தால் சில இடங்களில் சௌகரியம், சில இடங்களில் தொல்லை. கால் ஸ்வரம் தள்ளிச் சுருதி சேர்த்த குழுவோடு பாடும்போது அப்படிப்பட்ட காதுள்ளவர்கள் படும் பாடு தனி. ஒரு ஸ்வரத்திலிருந்து இன்னொன்றுக்கு உள்ள தூரத்தைச் சரியாகத் தாண்டத் தெரிந்தால் போதும். அதைப் பயிற்சியால் பெறலாம். சிலர் இசைக்கவையைக் கையில் மறைத்துவைத்துக்கொண்டு மேடையிலேயே காதோடு ஒட்டிப் பார்த்துக்கொள்வார்கள், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

இதுவரை யாரும் பாடாத ஒன்றை எப்படிக் கற்பது? கேட்டுப் பழக ஒலிப்பதிவே இருக்காதே?

இந்தத் தொழிலின் உள்ளடக்கமே இதுதான்.

முதலில் வார்த்தைகள். யார் பேசுகிறார், யாரிடம், எதற்காக என்று நாடகம்போல் வாசிக்க வேண்டும். அடுத்து தாளம். சுருதியை அடியோடு மறந்துவிட்டு, மெட்ரோனோம் போட்டு, வார்த்தைகளைத் தாளத்தில் பேசுவது. 'அளவு', அதாவது தாளத்தின் ஒரு சுற்று, ஒரு வரியில் ஏழு தட்டு, அடுத்த வரியில் ஐந்து, அதற்கடுத்து மூன்றரை என்று மாறும் இசையில் இந்தப் படியைத் தாண்டிக் குதித்தவர்கள் ஒத்திகையில் மாட்டிக்கொள்வார்கள். மூன்றாவதாகத்தான் சுருதி. அதையும் அரைக்குரலில், ஒரு ஸ்தாயி கீழே இறக்கி, பியானோவில் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தபடி. முழுக் குரல் கடைசியில்.

இதற்கிடையில் முழு ஸ்கோரை, அதாவது எல்லா வாத்தியங்களின் பகுதிகளும் சேர்ந்த இசைக்குறிப்பு நூலை, வாங்கிப் படிக்க வேண்டும். பாடகருக்குத் தரப்படும் பியானோ சுருக்கத்தில் எல்லா ஸ்வரங்களும் கட்டைகளில் இருக்கும், ஆனால் மேடையில் பியானோ இருக்காது. 'என் முதல் ஸ்வரத்தை எனக்கு முன்னால் யார் வாசிக்கிறார்?' என்ற கேள்விக்கு ஒவ்வொரு நுழைவிலும் விடை வேண்டும். மூன்று அளவுக்கு முன் வயோலா பிடித்த ஒரு ஸ்வரம், அதிலிருந்து ஒரு படி மேலே என்று பென்சிலால் குறித்துவைப்பார்கள். நன்றாகப் பழகிய சமகாலப் பாடகரின் ஸ்கோரில் அச்சைவிடப் பென்சில் அதிகம்.

சில படைப்புகளில் வழக்கமான குறிமுறையே இருக்காது. ஜான் கேஜ் 1958இல் எழுதிய 'ஏரியா' 20 பக்கம். கோடுகளின் நிறம் மாறினால் பாடும் பாணி மாற வேண்டும், பத்து பாணிகளையும் தேர்ந்துகொள்வது பாடுகிறவரின் பொறுப்பு, வார்த்தைகள் ஐந்து மொழிகளில். அது பாடகி கேத்தி பெர்பேரியனுக்காக எழுதப்பட்டது. லுச்சியானோ பேரியோவின் மூன்றாவது 'செக்குவென்சா'வும் அவருக்காகத்தான். சிரிப்பு, முனகல், நாக்குச் சொடுக்கு, அரைகுறைச் சொற்கள் எல்லாம் அதில் பாட்டாகிவிடும்.

இப்படியெல்லாம் கத்தியும் முனகியும் பாடினால் குரல் கெட்டுவிடாதா?

சரியாகச் செய்தால் கெடாது. தப்பாகப் பாடினால் மோட்சார்ட்டும்தான் கெடுக்கும்.

ஆபத்து எங்கே என்று தெரிந்துவைத்திருந்தால் போதும். உச்ச ஸ்தாயியில் ஓய்வில்லாமல் நீண்ட நேரம் நிற்பது, உயரத்திலிருந்து அதலபாதாளத்துக்குத் திரும்பத் திரும்பக் குதிப்பது, மேடையில் கடைசி வரிசைக்குக் கேட்கும்படி ரகசியக்குரலில் பேசுவது ஆகியவை களைப்பூட்டும். மக்கள் அலறலைப் பார்த்து அஞ்சுகிறார்கள், நான் ரகசியக்குரலைப் பார்த்து அஞ்சுவேன். அலறலை ஒரு நாளைக்கு இரண்டுமுறை முழுதாகச் செய்து பார்த்துவிட்டு மற்ற ஒத்திகைகளில் வெறும் சைகையாகக் காட்டிவிடலாம். இப்படிக் குரலைச் சேமித்துப் பாடுவதை 'மார்க்கிங்' என்பார்கள். நல்ல இசை நடத்துநர்கள் அதை அனுமதிப்பார்கள். அனுமதிக்காதவர்களிடம் பாடகர்தான் வாய் திறந்து கேட்க வேண்டும்.

புதிய இசை பாடும் வாரங்களிலும் தினமும் காலையில் பழைய இத்தாலியப் பாடல் ஒன்றையோ மோட்சார்ட்டையோ பாடிப் பார்ப்பது பலருடைய வழக்கம். குரல் வரிசையாக, வழவழப்பாக வந்தால் நலம். வராவிட்டால் நேற்று ஏதோ தப்பாக நடந்திருக்கிறது. தொண்டை வலித்தால் கஷாயத்தைத் தேடாமல், குரல்நாண்களின் அதிர்வைக் கேமராவில் பார்த்துச் சொல்லும் மருத்துவரிடம் போவது நல்லது. டெனர் ரொலாண்டோ வில்லாசோன் 2009இல் குரல்நாணில் இருந்த நீர்க்கட்டிக்கு அறுவை செய்துகொண்டு பிறகு மேடைக்குத் திரும்பினார். இதையெல்லாம் மூடிமறைக்கும் காலம் மெல்ல மலையேறிக்கொண்டிருக்கிறது.

மனிதக் குரல் எவ்வளவு உயரம் போகும்?

மெட்டில் 2017இல் தாமஸ் அடேஸின் 'தி எக்ஸ்டர்மினேட்டிங் ஏஞ்சல்' ஓபராவில் ஆட்ரி லூனா, புகழ்பெற்ற உயர் 'சி'க்கும் ஐந்து வெள்ளைக்கட்டை மேலே இருக்கும் 'ஏ'யைப் பாடினார். நொடிக்கு 1,760 அதிர்வு. அந்த மேடையில் அதுவரை பதிவான மிக உயர்ந்த ஸ்வரம் அதுதான். எல்லோருக்கும் இது வேண்டியதில்லை.

'இதைப் பாட முடியாது' என்று இசையமைப்பாளரிடம் சொல்லலாமா?

சொல்ல வேண்டும், ஆனால் முதல் நாளில் அல்ல. ஒரு வாரம் உண்மையாக முயன்ற பிறகு, மாற்று ஒன்றையும் கையில் வைத்துக்கொண்டு சொல்லுங்கள். 'இந்த உயரத்தில் 'இ' என்ற உயிரெழுத்து நெரிகிறது, சொல்லை மாற்றலாமா' என்றால் பெரும்பாலானவர்கள் மாற்றுவார்கள். 'நான்கு பக்கம் மூச்செடுக்க இடமில்லை' என்றாலும் கேட்பார்கள். 'எனக்குப் பிடிக்கவில்லை' என்றால் கேட்கமாட்டார்கள், கேட்கவும் கூடாது.

சிறந்த படைப்புகள் இந்த உரையாடலில்தான் பிறந்திருக்கின்றன. ஜார்ஜ் பெஞ்சமின் தன் ஓபராவுக்கான பாடகர்களைத் தனித்தனியாகச் சந்தித்து, ஒவ்வொரு குரலும் எங்கே பளிச்சிடுகிறது என்று குறித்துக்கொண்டு எழுதுபவர். 2012இல் பிரான்ஸின் எக்ஸ்-ஆன்-ப்ரொவான்ஸில் அரங்கேறிய 'ரிட்டன் ஆன் ஸ்கின்' பார்பரா ஹன்னிகனுக்கும் பேஜுன் மேத்தாவுக்கும் அளவெடுத்துத் தைத்த சட்டைபோல் இருந்தது. புதிய இசைக்கு வரும் பாடகருக்குக் கிடைக்கும் உண்மையான கூலி இது. ஒரு பாத்திரம் உங்கள் குரலின் அளவிலேயே உலகத்துக்குள் வருகிறது. பின்னால் பாட வருகிறவர்கள் உங்களோடுதான் மல்லுக்கட்ட வேண்டும்.

எத்தனை மொழி தெரிய வேண்டும்?

இத்தாலியம், ஜெர்மன், பிரெஞ்சு, ஆங்கிலம் நான்கிலும் உச்சரிப்பு பிசகக்கூடாது. முதல் இரண்டில் ஒன்றாவது பேச வர வேண்டும், ஜெர்மனியில் வேலை என்றால் ஜெர்மன். ரஷ்யமும் செக்கும் தேவைப்படும்போது ஒலிக்குறியீட்டின் உதவியோடு பயிற்சியாளரிடம் கற்பார்கள். புதிய இசையில் எதுவும் வரலாம். ஃபிலிப் கிளாஸின் 'சத்யாக்ரஹா' (ரோட்டர்டாம், 1980) தென்னாப்பிரிக்காவில் காந்தி இருந்த காலத்தைப் பற்றியது. பாடுவதோ முழுக்க பகவத் கீதையிலிருந்து எடுத்த சமஸ்கிருதம். அதைப் பாடிய மேற்கத்தியப் பாடகர்களில் அநேகர் முதல்முதலாக அந்த மொழியை நாவில் வைத்தவர்கள்.

ஆடிஷனில் என்ன பாடுவது?

பொதுவாக ஐந்து பாடல்களின் பட்டியல் கேட்பார்கள். முதல் பாடல் உங்கள் விருப்பம், இரண்டாவது அவர்கள் விருப்பம். பட்டியலில் மோட்சார்ட் ஒன்று இருக்க வேண்டும், மொழிகள் வேறுபட வேண்டும், இருபது அல்லது இருபத்தொன்றாம் நூற்றாண்டுப் பாடல் ஒன்றும் இருப்பது நல்லது. வழக்கமான அரங்குக்குப் போகும்போது பியானோக்காரர் முதல்முறை பார்த்து வாசிக்க முடியாத பாடலைக் கொண்டுபோகாதீர்கள். அவர் தடுமாறினால் தீர்ப்பு உங்கள் தலையில் விழும்.

நிரந்தர வேலை கிடைக்குமா?

ஜெர்மன் மொழி நாடுகளில்தான் அதற்கு வாய்ப்பு அதிகம். ஜெர்மனியில் மட்டும் பொதுப்பணத்தில் நடக்கும் ஓபரா அரங்குகள் சுமார் 80 இருக்கின்றன. பல அரங்குகள் பாடகர்களை மாதச் சம்பளத்துக்கு வைத்துக்கொள்கின்றன. இதை 'ஃபெஸ்ட்' ஒப்பந்தம் என்பார்கள். திங்கள்கிழமை குழந்தைகளுக்கான ஓபரா, புதன்கிழமை ஓபரெட்டா எனும் இலகுவான ஓபரா, சனிக்கிழமை புத்தம்புதிய படைப்பு என்று எது வந்தாலும் பாட வேண்டும். இளம் பாடகருக்கு இதைவிட நல்ல பட்டறை கிடையாது.

அதன் இருண்ட பக்கம், ஒப்பந்தம் ஒவ்வொரு பருவத்துக்கும் புதுப்பிக்கப்படுவது. அடுத்த பருவத்துக்கு வேண்டாம் என்றால் பொதுவாக அக்டோபர் 31க்குள் அறிவித்துவிட வேண்டும் என்பது அங்குள்ள கூட்டு ஒப்பந்த விதி. புதிய மேலாளர் வரும் வருடங்களில் அந்த மாதம் முழுக்க ஒப்பனை அறைகளில் பேச்சே இருக்காது. ஒரே அரங்கில் 15 வருடத்துக்கு மேல் இருந்துவிட்டால் எளிதில் அனுப்ப முடியாது. அதனாலேயே 14ஆம் வருடத்தில் கதவைக் காட்டுவதும் நடக்கும்.

தனியாக உழைப்பவர்களுக்கு வருமானம் எப்படி?

நிகழ்ச்சிக் கணக்கு. ஒரு தயாரிப்புக்கு நான்கு முதல் ஆறு வாரம் ஒத்திகை, பிறகு சில நிகழ்ச்சிகள். பணம் பெரும்பாலும் மேடையேறிய இரவுகளுக்குத்தான். ஒத்திகைக்கு என்ன தருகிறார்கள் என்பது அரங்குக்கு அரங்கு மாறும். உடம்பு சரியில்லாமல் பாடவில்லை என்றால் பல ஒப்பந்தங்களில் அன்றைய பணமும் இல்லை. ஏஜென்டின் பங்கு, பயணம், தங்குமிடம், பாடப் பயிற்சியாளர், வரி எல்லாம் போக மிஞ்சுவதுதான் கைக்கு வரும்.

புதிய படைப்பானால் கணக்கு இன்னும் மோசம், ஏனென்றால் கற்கச் செலவான மாதங்களுக்கு யாரும் பணம் தருவதில்லை. ஆகவே அப்படிப்பட்ட ஒப்பந்தத்தில் மூன்று விஷயங்களைக் கேட்டுப் பெறுங்கள். முழு ஸ்கோர் எந்தத் தேதிக்குள் கைக்கு வரும், மறு நிகழ்ச்சிகளில் முதல் அழைப்பு உங்களுக்கா, ஒலிப்பதிவு உரிமைக்குத் தனித் தொகை உண்டா. முதல் ஒத்திகைக்குப் பத்து நாள் முன்பு கடைசிக் காட்சி மின்னஞ்சலில் வந்து சேரும் கதைகளை எல்லாப் பாடகர்களும் வைத்திருக்கிறார்கள்.

பாட வேண்டிய அன்று குரல் போய்விட்டால்?

வெர்தி என்றால் அரங்க நிர்வாகி தொலைபேசியில் நான்கு பேரைத் தேடுவார், மாலைக்குள் ஒருவர் விமானத்தில் வந்து இறங்கிப் பாடிவிடுவார். அப்படித் திடீரென்று குதித்துப் பெயர் வாங்கியவர்கள் பலர். நேற்று அரங்கேறிய படைப்பு என்றால் உலகத்திலேயே அதைத் தெரிந்தவர் நீங்களும், உங்களுக்கு மாற்றாக ஒத்திகையில் உட்கார்ந்திருந்த 'கவர்' பாடகரும் மட்டும்தான். சில சமயம் நீங்கள் மேடையில் வாயசைத்து நடிக்க, அவர் ஓரமாக நின்று ஸ்கோரைப் பார்த்துப் பாடுவார். கடினமான இசையை வேகமாகக் கற்பவர் என்று பெயரெடுத்தால் இப்படிப்பட்ட கவர் வேலைகளே உங்களை உள்ளே கொண்டுவந்துவிடும்.

குரல் அவ்வளவு பெரிதில்லை. சமகால இசைக்கு மட்டும் போய்விடலாமா?

இந்தக் கேள்வி வராத வருடம் இல்லை. ஓபராவில் இடம் கிடைக்காதவர்களின் புகலிடமாகப் புதிய இசையைப் பார்ப்பது தப்பு. அதற்கும் அதே மூச்சு, அதே ஒலிக்குவிப்பு, அதே மொழிச் சுத்தம் வேண்டும். கூடுதலாகக் காதும் நிதானமும் வேண்டும். சிறிய குரல் தடையல்ல என்பது நிஜம். சிறு குழுவுக்கான நல்ல அறையிசைப் படைப்புகளுக்குச் சிறிய, தெளிவான குரல்தான் பொருந்தும். ஆனால் அடிப்படை தேறாத குரலைப் புதிய இசை மறைக்காது.

இரண்டையும் கலந்து பாடுகிறவர்களுக்கே தொழில் நீடிக்கிறது என்பது என் கணிப்பு. மும்பையில் பிறந்த பிரிட்டிஷ் சொப்ரானோ பாட்ரிசியா ரொசாரியோவுக்காக ஜான் டாவனர் பல படைப்புகளை எழுதினார். ரொசாரியோ மோட்சார்ட்டையும் விடவில்லை. இலங்கைப் பெற்றோருக்கு அமெரிக்காவில் பிறந்த டெனர் ஷான் பனிக்கர், 2018இல் லாஸ் ஏஞ்சலஸில் 'சத்யாக்ரஹா'வின் காந்தி, சால்ஸ்பர்க்கில் ஹென்ஸேயின் 'பாஸரிட்ஸ்' படைப்பில் தியோனைசஸ் என்று ஒரே வருடத்தில் இரண்டு கடினமான பாத்திரங்களைச் செய்தார். புச்சினியும் பாடுவார்.

எத்தனை வயதுவரை பாடலாம்?

சொப்ரானோக்களுக்கு ஐம்பதை ஒட்டி மாற்றம் தெரியத் தொடங்கும், ஆண்களின் தாழ்குரலான பேஸ் குரல்கள் அறுபதைத் தாண்டியும் உறுதியாக நிற்கும். பிறகு சிறு பாத்திரங்கள், கற்பித்தல், இயக்கம் என்று பாதை பிரியும். ஹன்னிகன் போலப் பாடிக்கொண்டே இசை நடத்துநராகவும் ஆனவர்கள் அபூர்வம். ஸ்விட்சர்லாந்து டெனர் ஹூக் கியுனோ மெட்டில் முதன்முதலாக மேடையேறியது 1987இல், 84 வயதில், 'துராந்தோத்' ஓபராவின் கிழப் பேரரசராக.